கொல்லையில் இரண்டு தென்னம்பிள்ளை

குடமங்கலம் கீழத்தெரு,
பாபநாசம் வழி.
2-4-1972

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கம்மாள் எழுதுவது.

நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுத ஆசைதான். அம்மாவுக்கு முழங்கால் வலி விடவில்லை. களத்தில் நின்றால் வலிக்கிறது, நிற்காவிட்டால் கூலி இல்லை. உங்கள் பக்கம் குளிர் குறைந்ததா? சண்டை முடிந்து நாலு மாதம் ஆகியும் பட்டாளத்தில் ஏன் லீவு தரவில்லை என்று அம்மா என்னைக் கேட்கிறது, நான்தான் ஜெனரல் என்பது போல.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நானும் ஆனந்தவல்லியும் சுவாமிமலைக்குப் பக்கத்தில் உள்ள நர்சரிக்குப் போய்வந்தோம். மிராசுதார் கோவிந்தராசுவின் மகள்தான். என்னைப் போலவே என் பள்ளிக்கூடத்தில் டீச்சர், மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள், மதியம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ரோஜாக் கன்று வாங்க வேண்டும், துணைக்கு வா என்றாள். பங்குனி வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம். சைத்தூன் பீவி என்று ஒரு அம்மா அதை நடத்துகிறார். கையில் பூவாளியோடு வாசலிலேயே நிறுத்தி, "ரோசா வேணுங்கிறவங்க இந்தப் பக்கம், வயித்துக்கு வேணுங்கிறவங்க அந்தப் பக்கம்" என்றார். ஆனந்தவல்லி இந்தப் பக்கம் போனாள். நான் அந்தப் பக்கம் போய் இரண்டு தென்னம்பிள்ளை எடுத்தேன். கழுத்து தடிமனாக இருக்கிறதா, ஓலை சீக்கிரம் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க அந்த அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். என் விரலைப் பிடித்துக் கன்றின் கழுத்தை அழுத்திக் காட்டினார்.

ஆனந்தவல்லி மூன்று ரோஜாவைக் கையில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "தென்னையா? எங்க வைப்ப?" என்றாள். எங்கள் கொல்லையில்தான் என்றேன். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு தென்னம்பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நல்ல வாயில் துணிப் புடவை, சேறானது.

அண்ணே, வீட்டில்தான் சண்டை. அம்மா கன்றை நடவிடவில்லை. "வேணாம்டி தங்கம். மரத்த வெச்சா மனுசனப் புடுங்குவாங்க" என்கிறது. ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். கூலிக்காரன் குடிசையில் கத்தரி வைக்கலாம், பூசணிக்கொடி ஏற்றலாம், தென்னை வைக்கக் கூடாது. கொடி ஆறு மாதத்தில் காய்ந்துவிடும். தென்னை அறுபது வருஷம் நிற்கும், நட்டவன் இடம் எனக்குத்தான் என்று பாத்தியம் பேசுவான். ஆனால் இப்போது சட்டம் வந்திருக்கிறது. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சர்க்கார் சொல்லிவிட்டது. மாசி மாதம் அம்மா பேரில் மனுக் கொடுத்தோம் அல்லவா, அதற்குக் கோவிந்தராசு பதில் மனுப் போட்டிருக்கிறார். வீட்டை எடுத்துக்கொள்ளட்டும், கொல்லை என் வயலைச் சேர்ந்தது என்கிறார். கொல்லை போனால் ஆடு கட்ட இடம் இல்லை, குளிக்க இடம் இல்லை, எருக்குழி இல்லை. சுவரை ஒட்டி அவர் வேலி போட்டால் பின்கதவைத் திறக்கக்கூட முடியாது.

அதனால்தான் இப்போதே நட வேண்டும் என்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் அம்மா கேட்கும். கன்று இரண்டும் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் காத்திருக்கின்றன.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கம்மாள்

---

முகாம், 56 ஏ.பி.ஓ.
17-4-1972

அன்புத் தங்கைக்கு அரசப்பன் ஆசி கூறி எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் சுகம். அம்மாவின் காலுக்கு நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சித் தடவு.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. ஆண்டையைப் பேர் சொல்லி எழுதாதே. கடிதம் எத்தனை கை மாறி வருகிறது என்று உனக்குத் தெரியாது. ஆண்டை வீட்டுப் பெண்ணோடு பஸ்ஸில் சேர்ந்து உட்கார்ந்து போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நமக்கு அப்படி இல்லை.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் கிழக்கே கூலி உயர்த்திக் கேட்டவர்களைக் குடிசையோடு வைத்து எரித்தார்களே, அதற்குள் மறந்துவிட்டாயா? சட்டம் மெட்ராசில் இருக்கிறது, நீங்கள் இரண்டு பெண்கள் அங்கே இருக்கிறீர்கள். கன்றுக்குத் தண்ணீர் விட்டு நிழலில் வை. நடாதே. பொறு. நான் ஒரு வழி செய்கிறேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அரசப்பன்

---

குடமங்கலம்
6-5-1972

அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். பூண்டு எண்ணெய் தடவுகிறேன்.

நீங்கள் செய்வதாகச் சொன்ன வழி என்னவென்று தெரியவில்லை. எனக்குப் பொறுமை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே வளர்த்தீர்கள். போன வெள்ளிக்கிழமை நட்டுவிட்டேன். முழங்கை ஆழத்துக்கு மேல் குழி எடுத்து, அடியில் உப்பும் சாம்பலும் போட்டு, மணல் பரப்பி, சைத்தூன் பீவி சொன்னபடியே வைத்தேன். வெயிலுக்கு இரண்டு கீற்றைச் சாய்த்துவிட்டேன். அம்மா பின்கதவில் நின்று திட்டிக்கொண்டே இருந்தது. மறுநாள் விடியும்போது எழுந்து பார்த்தால் அரிசி கழுவிய தண்ணீரை இரண்டுக்கும் பாதிப்பாதி ஊற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "வீணாத்தானே போவுது" என்றது.

ஆனந்தவல்லி வந்தாள். நம் தெருவுக்கு அவர்கள் வீட்டிலிருந்து கணக்குப்பிள்ளையும் அடியாளும்தான் வந்திருக்கிறார்கள், இப்படி யாரும் வந்ததில்லை. கையில் ஒரு ரோஜாக் கன்று கொண்டுவந்தாள், மூன்றில் ஒன்று உனக்கு என்று. எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் அம்மா உரலைக் கவிழ்த்துப் போட்டது. அவளும் உட்கார்ந்தாள். ரோஜாவைத் தென்னைக்கு நடுவில் வைத்திருக்கிறேன். இதுவும் பொழுதுபோக்குதானா என்று நீங்களே சொல்லுங்கள்.

தங்கம்மாள்

---

குடமங்கலம்
30-5-1972

அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுத மனம் வரவில்லை.

நேற்றுக் காலை கோவிந்தராசு இரண்டு ஆட்களோடு வயல் வரப்பில் வந்து நின்றார். கரை வேட்டி, மடிப்புக் கலையாத துண்டு. போன மாதம்தான் பாபநாசத்தில் ஆளுங்கட்சிக் கூட்டத்தில் மேடையேறி, சாதியை ஒழித்தே தீருவோம் என்று தொண்டை கட்டப் பேசினார். அதே வாயால் ஆட்களைப் பார்த்து, "புடுங்குங்கடா" என்றார். இரண்டையும் வேரோடு பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார்கள். ஜூனில்தான் தண்ணீர் வரும், வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. நான் குறுக்கே போய் நின்றேன். அம்மா என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தது. அதற்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ.

போகும்போது அவர் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "வைக்கலாமான்னு கேட்டவங்களுக்கு நான் இன்னும் பதிலே சொல்லல. அதுக்குள்ள வெச்சுப்புட்டீங்களா?" என்றார்.

யார் கேட்டது அண்ணே? நான் கேட்கவில்லை. அம்மா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. கன்று வாங்கியதும் தெரிந்து, அவரோடு ஒரே வீட்டில் இருப்பவள் ஒருத்திதான். எங்கள் தங்கத்துக்கு இரண்டு தென்னை வைக்க அனுமதி கொடுங்கள் அப்பா என்று கொஞ்சிக் கேட்டிருப்பாள். நம் கொல்லையில் நாம் நடுவதற்கு அவள் அப்பனிடம் பிச்சை கேட்டிருக்கிறாள்.

சாயங்காலம் ரோஜாவைப் பிடுங்கிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலுக்கே போனேன். அவள் வெளியே வந்தாள். உன் அப்பாவிடம் நீ கேட்டாயா என்றேன். "நான் கேக்கல தங்கம்" என்றாள். அப்படியானால் யார் கேட்டது என்றேன். வாயைத் திறக்கவில்லை. ரோஜாவைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இருட்டுவதற்குள் வாய்க்காலில் இறங்கித் தேடினேன். ஒரு தென்னை மட்டும் கிடைத்தது, வண்டிச் சக்கரம் ஏறி நசுங்கியிருந்தது. இன்னொன்று இல்லை. ஆடு தின்றிருக்கும்.

தங்கம்மாள்

---

முகாம், 56 ஏ.பி.ஓ.
24-6-1972

அன்புத் தங்கைக்கு,

சுகம். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பயிற்சிக்கு வெளியே போயிருந்தோம்.

நடந்தது நடந்துவிட்டது. யார் கேட்டார்கள், யார் சொன்னார்கள் என்று துருவ வேண்டாம். அந்தப் பெண்ணையும் திட்டாதே. அவள் மேல் தப்பு இருக்காது. அம்மாவை வெயிலில் வேலைக்குப் போகவிடாதே. இந்தக் கன்று விஷயத்தை இதோடு விட்டுவிடு.

அரசப்பன்

---

குடமங்கலம்
10-7-1972

அண்ணனுக்கு,

நலம்தான், வேறென்ன.

ஆறு வரிக் கடிதம். எண்ணிப் பார்த்தேன். அதில் ஒரு வரி மழைக்கு. பெற்ற தாயின் கொல்லையில் புகுந்து பிடுங்கிப் போட்டிருக்கிறான், நீங்கள் விட்டுவிடு என்கிறீர்கள். பஸ்ஸில் அவளோடு போகாதே என்று எழுதியவரும் நீங்கள்தான், இப்போது அவள் மேல் தப்பு இருக்காது என்பவரும் நீங்கள்தான். பார்க்காமலே எப்படித் தெரிந்தது? எனக்கு உங்கள் மேல்தான் எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் கிணற்றடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அவள் பெஞ்சில். ஒரு நாள் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். நான் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு வரவில்லை. இதையெல்லாம் சந்தோஷமாகச் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். பேச ஒரு ஆள் இல்லாமல் நாள் போகமாட்டேன் என்கிறது.

ஆகஸ்டு 22-ஆம் தேதி விசாரணை. கொல்லை நம் குடியிருப்பில் சேர்ந்ததா, அவர் வயலில் சேர்ந்ததா என்று அதிகாரி கேட்பார். முப்பது வருஷமாக நம் கையில்தான் இருக்கிறது, ஒருநாளும் யாரிடமும் அனுமதி கேட்டு அனுபவித்ததில்லை என்று அம்மா சொல்ல வேண்டும். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லச் சொல்லிப் பழக்குகிறேன். எனக்கு எதிரில் நன்றாகத்தான் சொல்கிறது. நீங்கள் லீவு கேட்டீர்களா?

தங்கம்மாள்

---

குடமங்கலம்
23-8-1972

அரசப்பனுக்கு,

நேற்று விசாரணை நடந்தது. அம்மா தடுமாறாமல் சொன்னது. முப்பது வருஷம், எருக்குழி, ஆட்டுக்கொட்டகை, துவைக்கிற கல், எல்லாம் சொன்னது. அதிகாரி எழுதிக்கொண்டார். யாரிடமாவது அனுமதி கேட்டதுண்டா என்றார். "ஒருநாளும் இல்லீங்க" என்றது. அப்போது கோவிந்தராசு சட்டைப் பையிலிருந்து ஒரு இன்லண்டு கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அதிகாரி அதை உரக்கப் படித்தார். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. எழுதியவனுக்கு மறந்திருந்தால் கேட்டுக்கொள்.

"ஆண்டை அவர்கள் சமுகத்துக்கு அடிமை அரசப்பன் தண்டனிட்டு எழுதிக்கொண்டது. என் தங்கை உலகம் அறியாதவள். தங்கள் கொல்லையில் இரண்டு தென்னம்பிள்ளை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள். ஆண்டை மனமிரங்கி உத்தரவு தந்தால் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருப்போம்."

தேதி 17-4-1972. எனக்குப் பொறு என்று எழுதிய அதே நாள், அதே பேனா. இதுதான் நீ செய்த வழி.

உன் அண்ணன் கையெழுத்துதானா என்று அதிகாரி கேட்டார். பக்கத்தில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர், "அடையாளம் தெரியலன்னுகூடச் சொல்லலாம்மா" என்று மெதுவாக எடுத்துக்கொடுத்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மணலில் விரலைப் பிடித்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த கை அது, எப்படி இல்லை என்று சொல்வேன்? எங்கள் அண்ணன் எழுத்துதான் என்றேன். கோவிந்தராசு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பாடம் ஒப்பித்த பிள்ளையைப் பார்ப்பது போல.

போன டிசம்பரில் குண்டுக்கு நடுவே ஊர்ந்து போனாய் என்று உன் படத்தைத் தெருவெல்லாம் காட்டினேன். பீரங்கிக்குப் பயப்படாதவன், ஒரு கரை வேட்டிக்குப் பயந்து அடிமை என்று எழுதியிருக்கிறாய். எழுதியதைக்கூட மன்னிப்பேன். நான் ஆனந்தவல்லியைத் திட்டித் திட்டி எழுதும்போதெல்லாம் பேசாமல் இருந்தாயே, அதை மன்னிக்கமாட்டேன்.

அதிகாரி முடிவு சொல்லவில்லை. நவம்பர் 14-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்திருக்கிறார். கடிதம் எழுதியவர் நேரில் வந்தோ எழுத்து மூலமாகவோ சொன்னால் கேட்பாராம். இல்லாவிட்டால் கொல்லை போய்விடும்.

அம்மா அழவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னது. "நல்லாத்தான் எழுதியிருக்கான். இவன் அப்பன் ஆண்டைகிட்ட பேசுற மாதிரியே இருந்துச்சு."

தங்கம்மாள்

---

குடமங்கலம்
1-10-1972

அண்ணனுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மா தபால்காரர் ரெங்கசாமியின் சைக்கிள் மணிக்கு வாசலுக்கு வந்துவிட்டு, ஏதோ வேலையாக வந்தது போலத் திரும்பிப் போகிறது. கோபத்தில் எழுதினேன். கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

ஆனந்தவல்லியிடம் போய்ப் பேசினேன். உனக்கு முன்பே தெரியுமா என்றேன். தெரியுமாம். உங்கள் கடிதம் வந்த அன்று அவள் அப்பா சாப்பிடும்போது எல்லோருக்கும் கேட்கப் படித்துக் காட்டினாராம், இரண்டு தடவை. அப்புறம் ஏன் என் வாயால் அவ்வளவு ஏச்சு வாங்கினாய் என்றேன். "நான் சொன்னா ஒனக்கு அண்ணனும் இல்லாமப் போயிடும்னு நெனச்சேன்" என்றாள்.

எனக்கு அவள் மேலும் ஆத்திரம்தான் வந்தது. முன்பே சொல்லியிருந்தால் அம்மாவை அந்த மேஜைக்கு முன்னால் அப்படி நிற்கவிட்டிருக்கமாட்டேன் அல்லவா? நல்லது செய்கிறோம் என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டீர்கள். முட்டாளாக நின்றவள் நான். இதை அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அவளுக்கு நீடாமங்கலத்தில் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார்களாம், தை மாதம் கல்யாணம். கல்யாணத்தோடு வேலையை விடச் சொல்லிவிட்டார்கள்.

எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தங்கம்மாள்

---

முகாம், 56 ஏ.பி.ஓ.
12-10-1972

தங்கைக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. எழுதாமல் இருந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. வெட்கம்தான்.

அப்பா வைத்த தென்னையைப் பற்றி அம்மா உனக்கு எவ்வளவு சொன்னதோ தெரியாது. அப்போது நீ பிறக்கவில்லை. எனக்கு ஏழு வயது. கன்று என் உயரம் வளர்ந்திருந்தது. பெரிய ஆண்டை, இவருடைய அப்பா, வரப்பில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பாவை அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன். நீயே தோண்டி எடு என்றார். அப்பா வேர் அறுந்துவிடாமல் சுற்றிலும் மண்ணைப் பறித்துப் பக்குவமாக எடுத்தார், வேறு எங்கோ நடப்போவது போல. பிறகு ஆண்டை என்னைக் கூப்பிட்டு, இதைக் கொண்டுபோய் ஆற்றில் போடுடா என்றார். குடமுருட்டியில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் நான்தான் போட்டேன். திரும்பி வந்ததும் நல்ல பையன் என்று ஒரு வெல்லக்கட்டி கொடுத்தார். அப்பா பார்த்துக்கொண்டே நிற்கும்போது அதைத் தின்றேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் கடிதத்தில் தென்னம்பிள்ளை என்று படித்ததுமே பயம் வந்துவிட்டது. எல்லையில் வரவில்லை, அது வேறு. முதலிலேயே பணிந்து கேட்டுவிட்டால் உன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்ததும் அந்த வார்த்தைகள் தானாக வந்துவிட்டன, யாரோ சொல்லச் சொல்ல எழுதியது போல. தங்கள் கொல்லை என்று எழுதியது தபாலில் போட்ட பிறகுகூட எனக்கு உறைக்கவில்லை.

லீவு கேட்டிருக்கிறேன்.

அரசப்பன்

---

முகாம், 56 ஏ.பி.ஓ.
2-11-1972

தங்கைக்கு,

லீவு கிடைக்கவில்லை. நீ திட்டுவாய், திட்டு. அதிகாரிக்கு எழுத்து மூலம் அனுப்பியிருக்கிறேன், எங்கள் கேப்டன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உனக்கு நகல்:

"ஐயா, இந்திய ராணுவத்தில் நாயக், அரசப்பன், குடமங்கலம் காளியம்மாளின் மகன், உறுதியாகச் சொல்வது. 17-4-72 தேதியிட்ட கடிதம் நான் எழுதியதுதான். பயந்து எழுதினேன். பயந்தவன் எழுதினால் எதையும் உங்களுடையது என்றுதான் எழுதுவான், தன் உயிரைக்கூட. அதனால் அது அவர்களுடையது ஆகிவிடாது. நான் பிறந்தது அந்த வீட்டில், தவழ்ந்தது அந்தக் கொல்லையில். அது என் தாயாருடைய அனுபவத்தில் உள்ளது. 1949-இல் என் தகப்பனார் அங்கே தென்னை வைத்தார். கோவிந்தராசுவின் தகப்பனார் அதை எடுக்கவைத்தார். ஆற்றில் போட்டவன் நான். நான் யாருக்கும் அடிமை இல்லை."

இதன் நகல் ஒன்றைக் கோவிந்தராசுவுக்கும் அனுப்பிவிட்டேன், அவர் பேரையே முகவரியில் எழுதி. தபால் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா என்னோடு பேசுமா என்று கேட்டு எழுது.

அரசப்பன்

---

குடமங்கலம்
19-11-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அதிகாரி முழுவதும் படித்தார். 1949 என்ற இடம் வந்ததும் கோவிந்தராசு எழுந்து, செத்துப்போனவரை ஏன் இழுக்கிறீர்கள் என்று சத்தம் போட்டார். அதிகாரி அவரைப் பார்த்து, "அப்ப அது நடந்ததுதான், இல்லீங்களா?" என்றார். அவர் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலமே அதிகாரி ஜீப்பில் வந்து கொல்லையைப் பார்த்தார். தேய்ந்துபோன துவைக்கல்லில் கையை வைத்துப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். உத்தரவு இன்னும் வரவில்லை. எதிராக வந்தால் அப்பீல் போவேன், சாதகமாக வந்தால் அவர் போவார். எப்படியும் வழக்கு முடியாது போலிருக்கிறது.

முந்தாநாள் ஆனந்தவல்லி வந்து, நர்சரிக்குப் போகலாம் வா என்றாள். எதற்கு என்றேன். வா என்றாள். வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். பஸ்ஸில் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. சைத்தூன் பீவி எங்களைப் பார்த்ததுமே பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, பந்தலுக்குப் பின்னால் போய் ஒரு தென்னம்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாய்க்காலில் கிடைக்காமல் போன கன்று. அன்றைக்கே நான் தேடப் போவதற்கு முன்னால் இவள் போய் எடுத்து ஒளித்துவைத்திருந்து, மறுநாள் முதல் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். பாதி வேர் போய்விட்டதாம். இந்த அம்மா ஆறு மாதம் வைத்திருந்து, நாலு புது ஓலை விடவைத்திருக்கிறார். "ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இது சொல்லிச்சு. ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான் குடுப்பேன்னு நான் சொன்னேன்" என்றார். திரும்பி வரும்போதும் கன்று அவள் மடியில்தான் இருந்தது. அவளை நான் முழுதாக மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் தை மாதத்துக்குப் பிறகு பெஞ்சில் அந்த இடம் காலியாக இருக்கும்.

கன்றைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். உத்தரவு வரட்டும், வந்த பிறகு நடலாம் என்று நானே சொன்னேன், அண்ணே. நானே சொன்னேன். நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் பானைக்குப் பக்கத்தில் கன்று இல்லை. பதறிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். அம்மா இடுப்பளவு குழியில் நின்றுகொண்டிருந்தது. அந்த முழங்காலோடு, தனியாக. அப்பா வைத்த அதே இடமாம். வரப்பில் கோவிந்தராசுவின் ஆள் ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அவனை நிமிர்ந்து பார்த்து, "போயி சொல்லுடா" என்று சொல்லிவிட்டு மண்ணைத் தள்ளியது. அவனும் போய்ச் சொல்லியிருப்பான். இதுவரை யாரும் வரவில்லை. வந்தால் இந்தத் தடவை என் இடுப்பைப் பிடித்து இழுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறது.

நீங்கள் கேட்டதை அம்மாவிடம் கேட்டேன். பேசுமாம். லீவில் வந்தால் முதலில் வேலி கட்டச் சொல்கிறது, பேச்சு அப்புறமாம். தென்னை வைத்ததை இப்போதே அண்ணனுக்கு எழுதட்டுமா என்றேன். கையைக் கழுவிக்கொண்டே சொன்னது:

"வேர் புடிக்கட்டும், அப்பறம் எழுது. இப்பவே எழுதுனா யாருகிட்டயாவது கேட்டுத் தொலைப்பான்."

நான் இன்றே எழுதிவிட்டேன். கேட்காதீர்கள்.

உங்கள் தங்கை,
தங்கம்மாள்